மறைக்க என்ன இருக்கு நமக்கு

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெயில் பழக்கம். மதுரைக்குத்தானே? மாட்டுத்தாவணியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் இறங்கணும். அருப்புக்கோட்டையில ஏறி மதுரை வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு வரச் சொன்னா என்னால ஆகாது. அதுக்கே என் பொண்ணு திட்டுவா. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட நம்ம வீட்டுக் கதையெல்லாம் சொல்லாதம்மான்னு. சொன்னா என்ன? மறைக்க என்ன இருக்கு நமக்கு?

இந்தப் பையை உங்க காலுக்குப் பக்கத்துல வச்சுக்கறேன். சாஞ்சிடாமப் பாத்துக்கோங்க, உள்ள புளிக்காய்ச்சல் இருக்கு. அவளுக்குத்தான். மதுரையில இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன்.

வருவாளான்னு நீங்க கேக்கல. ஆனா உங்க முகம் கேட்டுச்சு. வருவா. ஏன் வரமாட்டா? அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். அவ அப்பா இருந்த வரைக்கும் மூணு பேரு. அவரு மில்லுல டைம் கீப்பரா இருந்தாரு, முத்தையான்னா மில்லு கேட்டுல எல்லாருக்கும் தெரியும். அவரு போனதுக்கு அப்புறம் எனக்கு அவ, அவளுக்கு நான். இதுல கோவம் எத்தனை நாளைக்கு நிக்கும், சொல்லுங்க.

உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? ரெண்டா. மூத்தது பொண்ணா? என்ன நட்சத்திரம்? சரி சரி, சொல்ல வேணாம். சும்மா கேட்டேன். என் பொண்ணும் இப்படித்தான் பாப்பா. எதைக் கேட்டாலும் 'எதுக்கு?' எதுக்குன்னா என்ன சொல்றது? தெரிஞ்சுக்கத்தான்.

மீனலோசனின்னு பேரு. லோசனின்னு கூப்பிடுவோம். வாயே திறக்க மாட்டா. சின்னதுலேர்ந்தே அப்படி. வீட்டுக்கு யாராவது வந்தா சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி போயி நின்னுக்குவா. ஆனா எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டு இருப்பா. வந்தவங்க போனதுக்கு அப்புறம், 'அந்த அத்தை நம்ம வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துப் படிச்சாங்கம்மா'ன்னு சொல்லுவா. படிச்சா படிச்சுட்டுப் போகட்டும்டின்னு நான் சொல்லுவேன்.

அவ காலேஜ் சேந்தப்ப அவ அப்பா கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தாரு. கூடத்துல, டீவிக்குப் பக்கத்துல வச்சோம். தெருவுல போறவங்களுக்குக்கூடத் தெரியும். ஆயுத பூஜைக்கு அதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம். அப்ப ஒரு ரகசியமும் இல்ல. அவ படிப்பா, நான் பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருப்பேன். என்ன படிக்கறான்னு தெரியாது, ஆனா தெரியற இடத்துல படிப்பா. அது போதும்ல ஒரு அம்மாவுக்கு?

எல்லாம் இந்த வேலை வந்ததுக்கு அப்புறம்தான். வீட்டுல இருந்தே பாக்கற வேலை. மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அங்க டாக்டருங்க நோயாளியைப் பாத்துட்டு வாயால சொல்லிப் பதிவு பண்ணிடுவாங்களாம். இவ காதுல மாட்டிக் கேட்டு அதை டைப் பண்ணணும். வேலைக்குச் சேந்த அன்னைக்கே கம்ப்யூட்டரைத் தூக்கி அவ ரூமுக்குள்ள வச்சுட்டா. அதுவும் எப்படி? திரை சுவத்தைப் பாத்து இல்ல, நம்மளைப் பாத்து இல்ல, மூலையைப் பாத்து. யாரு உள்ள வந்தாலும் ஒரு எழுத்து தெரியாது. பத்தாததுக்கு பாஸ்வேர்ட். என் பொட்டு அட்டையில இருந்து பெரிய பொட்டா ஒண்ணு எடுத்து, அந்தக் கேமரா கண்ணு மேல ஒட்டிட்டா. எனக்கு எப்படி இருக்கும்? மூலையைக் கூட்டப் போனா, செவப்புப் பொட்டு வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்து என்னை மொறைக்கற மாதிரி இருக்கும்.

'ஏண்டி, அது என்ன ராணுவ ரகசியமா?'ன்னு கேட்டேன்.

'இல்லம்மா. யாரோ ஒருத்தரோட மூத்திரப் பரிசோதனை. உனக்கு எதுக்கு அது?'

'எனக்கு வேணாம்டி. ஆனா நான் பாத்துடுவேன்னு நினைக்கறே பாரு, அதைச் சொல்றேன்.'

'நீ பாப்பேம்மா'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நானும் சிரிச்சேன். ஆனா வலிச்சுச்சு.

எதிர்வீட்டுக் காந்திமதி சும்மா இருப்பாளா? 'என்ன வேணி, உன் மக கதவைச் சாத்திக்கிட்டு யாரு கூடப் பேசறா?'ன்னு கேட்டா. கமலவேணி என் பேரு, வேணின்னு கூப்பிடுவாங்க. டாக்டரு பேசறதைக் கேக்கறான்னு சொன்னேன். 'டாக்டரா? கல்யாணம் ஆனவரா?'ன்னு கேக்கறா. இப்படி இருக்கு ஊரு. கதவு திறந்து கெடந்தா இவ கேப்பாளா?

பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க நான் எவ்வளவோ பாத்தேன். அவ கடைக்குப் போற நேரம் உக்காந்து ஒவ்வொண்ணாப் போடுவேன். அவ பொறந்த தேதி. இல்ல. குலசாமி பேரு. இல்ல. அப்புறம் ஒரு நாள் அவளே சொன்னா. ஆமா, அவளேதான்! டைபாய்டு வந்து படுத்துக்கிட்டா. ஆஸ்பத்திரியில ஊசி ஏறிக்கிட்டு இருக்கு, இவளுக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம். அனுப்ப வேண்டியது ஒண்ணு முடிஞ்சு இருக்காம், அனுப்பலைன்னா ஒரு நோயாளியை வீட்டுக்கு விட மாட்டாங்களாம். என் காதுகிட்ட வந்து பாஸ்வேர்டைச் சொன்னா. 'யாருகிட்டயும் சொல்லாதம்மா. எழுதி வைக்காத. அனுப்பிட்டு மூடிடு'ன்னு கையைப் புடிச்சுக்கிட்டா. உடம்பு நெருப்பாக் கொதிக்குது.

என்ன பாஸ்வேர்ட் தெரியுமா? வேணிமுத்தையா. கடைசியில அவ அப்பா இறந்த வருஷம், எண்ணுல. பாருங்களேன். என் பேரையும் அவரு பேரையும் சேத்து வச்சிருக்கா. நான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து அழுதேன். இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டு எதுக்கு மறைக்கணும், இதைப் போயி? காந்திமதிகிட்டகூடச் சொல்லி அழுதேன். மறந்துடக் கூடாதுன்னு கூடத்துக் காலண்டர்ல எழுதி வச்சேன், சிலிண்டர் வந்த தேதிக்குக் கீழ. அங்க எழுதினா எனக்கு மறக்காது.

கல்குறிச்சி வந்துடுச்சா. வேகமாத்தான் போறான்.

தை பொறந்ததும் வரன் பாக்க ஆரம்பிச்சேன். எங்க ஆளுங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. பொண்ணு, மாப்பிள்ளை விவரம் எல்லாம் அதுலதான் போடுவாங்க. நானும் போட்டேன். அரைகுறையாப் போட்டா யாரு நம்புவா? முழுசாப் போட்டேன். பொறந்த தேதி, நேரம், ஊரு, நட்சத்திரம், படிச்ச பள்ளிக்கூடம், குலசாமி, வீட்டு விலாசம், வேலை பாக்கற இடம், சம்பளம், அவ நம்பரு, என் நம்பரு. ஆதார் அட்டையையும் படம் புடிச்சுப் போட்டேன். வயசைக் குறைச்சுச் சொல்றாங்கன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுல்ல.

லோசனி அதைப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. 'ம்மா, இதுல என்னம்மா மிச்சம் வச்சிருக்க?'ன்னு கேட்டா. அப்புறம் ரெண்டு நாளா உக்காந்து எதை எதையோ மாத்தினா. பேங்குக்குப் பேசினா. அந்த வாரமே ஒருத்தன் போன் பண்ணினான். என்கிட்டதான் பேசினான். எவ்வளவு மரியாதை! 'அம்மா, உங்க பொண்ணு மீனலோசனி, உத்திரட்டாதி நட்சத்திரம், காலையில ஆறு மணி வாக்கில பொறந்தவங்க'ன்னு எல்லாத்தையும் சொல்றான். எனக்கு ஒரே சந்தோஷம், நல்ல இடம் போலன்னு. அப்புறம்தான் பேங்குல இருந்து பேசறேன்னு சொல்றான். லோசனி போனைப் புடுங்கி வச்சுட்டா. ஒரு நஷ்டமும் இல்ல. அவதான் எல்லாத்தையும் மாத்தி வச்சிட்டாளே. அப்ப நான் என்ன நினைச்சேன்னா, இந்தப் பொண்ணு பாட்டுக்கு எல்லாத்தையும் பாத்துக்குது, நாம நம்ம வேலையைப் பாப்போம்னு.

மாத்தினவ அந்தக் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மட்டும் மாத்தல. என்கிட்ட சொன்னதாச்சே. மாத்தினா நான் வருத்தப்படுவேன்னு விட்டுட்டா போல.

பங்குனியில கோவில்பட்டியில இருந்து ஒரு வரன். தங்கமான இடம். பையன் ஒரே பையன். அவங்க அம்மா கேட்டாங்க, 'ஸ்டூடியோ போட்டோ வேணாங்க, வீட்டுல சாதாரணமா எடுத்த படம் நாலஞ்சு அனுப்புங்க'ன்னு. நியாயம்தானே? இவகிட்டக் கேட்டா ஒரே ஒரு படத்தைக் குடுத்தா. அதுவும் அவங்க நம்பருக்கு மட்டும்தான் அனுப்பணுமாம், குரூப்ல போடக் கூடாதாம்.

'ஒரு படம் போதும்மா. பாக்கறதுக்குத்தானே கேக்கறாங்க, எடை போடறதுக்கா?'

இந்த மாதிரிதான் பேசுவா, பேசினான்னா.

அவ மதுரைக்கு ஆபீஸ் கூட்டத்துக்குப் போன அன்னைக்கு என் தம்பி பால்பாண்டியை வரச் சொன்னேன். பஜார்ல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கம்ப்யூட்டர் எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. அவன் நேரா காலண்டரைப் பாத்தான், பாஸ்வேர்டைப் போட்டான், திறந்துச்சு. 'என்னக்கா வேணும்?'ன்னு கேட்டான். நல்ல படமா நாலு எடுடான்னேன். 'ஒவ்வொண்ணாத் தேட நேரம் இல்லக்கா, கடையில ஆளு இல்ல. மொத்தமா எடுத்துக்கறேன், அங்க போயி அனுப்பறேன்'னு பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். காபிகூடக் குடிக்கல. எனக்காகத்தான் வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் படங்களோட, இவ டைப் பண்ணி வச்சிருந்த நோயாளி பேப்பரும் ஒண்ணு சேந்து போயிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஒண்ணே ஒண்ணு. குரூப்ல போயி விழுந்துடுச்சு. கோவில்பட்டி அம்மாவும் அந்தக் குரூப்ல இருக்காங்க, அதுல போட்டா பாத்துக்குவாங்கன்னு பால்பாண்டி அதுல போட்டுட்டான்.

அது யாரு பேப்பருன்னு நான் சொல்லக் கூடாது. லோசனி சத்தியம் வாங்கியிருக்கா. பாத்திரக் கடை ராஜகனி இருக்காள்ல, உங்களுக்குத் தெரியாது, எங்க பாளையம்பட்டிதான். அவ மூத்த பொண்ணு. வலிப்பு நோயாம். சின்னதுலேர்ந்து மாத்திரை சாப்பிடுதாம். டாக்டரு எல்லாத்தையும் சொல்லியிருக்காரு, இவ டைப் பண்ணியிருக்கா, பேரு, வயசு, ஊரோட. எங்க தெருவுல தண்ணி புடிக்கறப்பப் பேசிக்கற பொண்ணு அது. இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் தெரியாது பாருங்க! அதுக்கு நிச்சயம் ஆகியிருந்துச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பா குரூப்ல இருக்காரு.

நின்னு போச்சு. ஆமா. அந்த வாரமே தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க நியாயமாச் சொல்லுங்க. வலிப்பை மறைச்சுக் கல்யாணம் பண்றது சரியா? நான் இதை லோசனிகிட்டக் கேட்டேன். 'மாப்பிள்ளைக்குத் தெரியும்மா'ன்னா. 'அந்தப் பொண்ணு அவருகிட்டச் சொல்லிடுச்சு. அவரு சரின்னுட்டாரு. ஊருக்குத்தான் தெரியாது. தெரிஞ்சதும் அவரால எதுத்து நிக்க முடியல.' இவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டுருக்கா. என்கிட்டச் சொல்லவே இல்ல.

அதுக்கு முன்னாடி ராஜகனி எங்க வீட்டு வாசலுக்கு வந்தா. பட்டப்பகல். காந்திமதி, மேல வீட்டுக்காரங்க எல்லாம் நிக்கறாங்க. 'வேணி, என் பொண்ணு உனக்கு என்னடி பண்ணுச்சு?'ன்னா. உள்ள வா ராஜகனி, உக்காந்து பேசுவோம், காபி போடறேன்னேன். 'உன் வீட்டுக் காபியா? அதுல சர்க்கரை எத்தனை ஸ்பூன் போட்டேன்னு நாளைக்குக் குரூப்ல வரும்'னா. அந்த நேரத்துலயும் எல்லாரும் சிரிச்சாங்க. லோசனி வெளிய வந்தா. ராஜகனி அவளைப் பாத்து, 'நீதானேம்மா டைப் பண்ணுனே? ஒரு வார்த்தை வெளிய வராதுன்னு சொல்லித்தானே அங்க எல்லாரும் வாயைத் திறக்கறோம்?'னு கேட்டா.

இவ சொல்லியிருக்கலாம்ல, எங்க மாமா எடுத்தாரு, எங்க அம்மா எடுக்கச் சொன்னாங்கன்னு? சொல்லல. 'ஆமா அத்தை. என் கம்ப்யூட்டர்ல இருந்துதான் போச்சு'ன்னா. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நின்னா. பாருங்க, அத்தனை பேரு முன்னாடி என்னை விட்டுக் குடுக்கல. அவ்வளவு பாசம். அதை நான் காந்திமதிகிட்டகூடச் சொன்னேன்.

வேலை போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தகவல் போயிடுச்சுல்ல. கூப்பிட்டு விசாரிச்சாங்க, அங்கயும் இதையேதான் சொல்லியிருக்கா, என் கம்ப்யூட்டர், என் பொறுப்புன்னு.

அதுக்கு அப்புறம் அவ செஞ்சதுதான் எனக்கு இன்னமும் புரியல. கத்தல. அழல. ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'யாரு யாருக்கெல்லாம் போச்சும்மா?' குரூப்புக்குத்தான்னேன். 'குரூப்ல யாரு யாரு?' எனக்கு எப்படித் தெரியும்? அவளே ஒவ்வொரு நம்பரா எடுத்துப் போன் பண்ண ஆரம்பிச்சா. வாய் திறக்காத பொண்ணு! கதவுக்குப் பின்னாடி நின்ன பொண்ணு! 'மாமா, நான் முத்தையா மக பேசறேன். அந்தப் பேப்பரையும் படத்தையும் அழிச்சிருங்க மாமா.' 'சித்தி, உங்க போன்ல இருந்தா அழிச்சிருங்க சித்தி.' நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தரு சொன்னாரு, ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. 'எது, அந்த வலிப்புப் பிள்ளை பேப்பரா? அதை அன்னைக்கே என் சம்பந்திக்கு அனுப்பிட்டேனேம்மா, ஜாக்கிரதையா இருக்கட்டும்னு.' இன்னொரு அம்மா, 'அழிச்சுட்டேன் கண்ணு, அழிச்சுட்டேன்'னாங்க. அழிச்சுட்டேன்னு சொன்னவங்களே சாயங்காலம் வேற குரூப்ல போட்டுருந்தாங்க.

படத்துலயும் அப்படித்தான். காலேஜ் சுற்றுலாவுல, பஸ்ல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறா லோசனி. கூட்டாளிப் பொண்ணு எடுத்தது. அதை எவனோ வெட்டி எடுத்து, கீழ 'குட் நைட்'டுன்னு எழுதி ஸ்டிக்கர் ஆக்கிட்டான். எல்லாரும் அனுப்பிக்கறாங்க. தப்பா ஒண்ணும் இல்லீங்க, சிரிக்கத்தான். பாக்கறதுக்கு அழகாக்கூட இருக்கும், குழந்தை மாதிரி. நானே ரெண்டு பேருக்கு அனுப்பினேன். அவ அதை என் போன்ல பாத்துட்டா.

அன்னைக்குத்தான் போன் பண்றதை நிறுத்தினா. மிச்சம் நம்பரு நிறைய இருந்துச்சு, அப்படியே விட்டுட்டா.

ஆடி பொறந்ததும் ஒரு காலையில பையை எடுத்துக்கிட்டு நின்னா. வேலை கிடைச்சிருக்கான்னு கேட்டேன். இல்லன்னா. எங்க தங்கப் போறேன்னு கேட்டேன். 'சொன்னா நீ யாருகிட்டயாவது சொல்லுவேம்மா'ன்னா. பெத்தவகிட்டச் சொல்ற பேச்சா இது? கம்ப்யூட்டரை மொத்தமாத் துடைச்சு வச்சிட்டுப் போயிட்டா. ஒண்ணும் இல்ல அதுல. அவ அப்பா பேசின வீடியோ ஒண்ணு இருந்துச்சு. அவ பட்டம் வாங்கின அன்னைக்கு எடுத்தது, என் பொண்ணு என் பொண்ணுன்னு ரெண்டு தடவை சொல்லுவாரு. அவரு குரல் இருக்கறது அதுல மட்டும்தான். அதையாவது வச்சுட்டுப் போடின்னேன். 'நான் எடுத்துக்கிட்டேம்மா. உன் கையில இருந்தா நாளைக்குக் குரூப்ல வரும்'னா.

நான் போட்டுருப்பேனா? நினைவு நாளைக்கு வேணா போட்டுருப்பேன். அது வேற.

காரியாபட்டி தாண்டியாச்சா? தண்ணி குடிக்கறீங்களா?

போனவ என் நம்பரைப் பிளாக் பண்ணிட்டா. பால்பாண்டி நம்பரையும். ஒரு அம்மா என்ன பண்ணுவா? இருக்காளா இல்லையான்னு தெரியணும்ல? அப்பதான் பால்பாண்டி ஒரு வழி சொன்னான். அவ காலேஜ் சேந்தப்ப மெயில் திறந்தாள்ல, அப்ப அவகிட்டப் போன் இல்ல, என் நம்பரைத்தான் குடுத்திருந்தா. இப்பவும் அதுதான் இருக்கு. 'பாஸ்வேர்டே வேணாம்க்கா, உன் நம்பருக்கு ஓடிபி வரும், போட்டாத் திறந்துடும். பாத்து முடிச்சதும் வெளிய வந்துடு, அவளுக்குத் தெரியக் கூடாது'ன்னான். போட்டேன். வந்துச்சு. திறந்துச்சு!

அன்னைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? தினம் காலையில சாமி கும்பிட்டுட்டு அதைத் திறப்பேன். அவ என்ன சோப்பு வாங்கினான்னு தெரியும். தலகாணி வாங்கினா. பாவம், தலகாணிகூட இல்லாமத்தான் படுத்திருக்கா அத்தனை நாளும். அந்தத் தலகாணி வந்த ரசீதுலதான் விலாசம் இருந்துச்சு, ஒரு லேடீஸ் ஹாஸ்டல். இருக்கற இடம் தெரிஞ்சா ஒரு தைரியம். அவளுக்கு நான் தொந்தரவு குடுக்கல. பாத்துட்டு மூடிடுவேன். யாராவது அவளைப் பாத்துக்கணும்ல?

நேத்து ஒரு நல்ல காரியம் பண்ணினேன். அதனாலதான் இன்னைக்குக் கிளம்பினேன்.

ஒரு கம்பெனியில இருந்து அவளுக்கு மெயில் வந்திருந்துச்சு. அதே மாதிரி டைப் பண்ற வேலை. வேற ஊரு ஆஸ்பத்திரி. 'முன்னாடி வேலையை ஏன் விட்டீங்க, எழுதுங்க'ன்னு கேட்டுருக்காங்க. நாலு நாளா இவ பதிலே போடல. எழுத ஆரம்பிச்சு, எழுத ஆரம்பிச்சு, பாதியில விட்டது மட்டும் நாலஞ்சு கெடக்கு உள்ள. ஒண்ணுல 'வணக்கம்'னு மட்டும் இருக்கு. அதுதான் நானே பதில் அனுப்பிட்டேன். போனைப் பாத்துப் பேசினா அதுவே எழுதுதுல்ல? பேசினேன். 'ஐயா, நான் மீனலோசனியோட அம்மா பேசறேன். என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. அவ கம்ப்யூட்டரைத் திறந்து எடுத்தது நானும் என் தம்பியும்தான். ராஜகனி மக பேப்பர் தெரியாமப் போயிடுச்சு. என் பொண்ணு ரகசியம் காப்பா. தயவு பண்ணி வேலை குடுங்க.' அப்படியே அவ மெயில்லேர்ந்தே அனுப்பிட்டேன். உண்மையைச் சொன்னா யாரும் இரங்குவாங்க. என்ன சொல்றீங்க?

எதுக்கு உங்க போனை எடுத்துப் பைக்குள்ள வைக்கறீங்க?

வேலை கிடைச்ச சந்தோஷத்துல இருப்பா, இந்த நேரம் பாத்துப் போனா முகம் குடுத்துப் பேசுவான்னுதான் கிளம்பினேன். இனிமே வீட்டுலயே இருந்து பாக்கட்டும். கம்ப்யூட்டரைத் துடைச்சு வச்சிருக்கேன். அந்தப் பொட்டைக்கூட நான் எடுக்கல.

இதோ, ரிங் ரோடு வந்தாச்சு. விலாசம் சொல்றேன், உங்களுக்கு மதுரை நல்லாத் தெரியும்னீங்களே, எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்க. எழுதி வைக்கலீங்க. தினம் பாக்கறதுதானே, போன்லயே இருக்குன்னு விட்டுட்டேன். ஏதோ நகர், பிள்ளையார் கோவில் தெரு. மதுரையில பிள்ளையார் கோவில் இல்லாத தெரு எது? இருங்க, மெயிலைத் திறக்கறேன்.

காலையிலயும் திறந்து பாத்தேன், ஓடிபி வரல. வீட்டுல டவர் கிடைக்காது, பஸ் ஏறினா வந்துடும்னு நினைச்சேன். இப்பவும் வரல. உங்க போன்ல டவர் இருக்கா? முழுசா இருக்கா? எனக்கும் முழுசாத்தான் காட்டுது. நீங்களே பாருங்க, பூட்டெல்லாம் கிடையாது, திறந்துதான் இருக்கு. அனுப்பிட்டோம்னு போட்டுருக்கா? போட்டுருக்குல்ல. எந்த நம்பருக்கு அனுப்பினாங்கன்னு பாருங்க. கடைசி ரெண்டு எண்ணு மட்டும் தெரியும், மத்ததெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும். அறுபத்தொண்ணுன்னு இருக்கும். என் நம்பரு அறுபத்தொண்ணுலதான் முடியும்.

நாப்பத்தேழா?

சரியாப் பாருங்க. கண்ணாடி போட்டுருக்கீங்கள்ல. நேத்து வரைக்கும் அறுபத்தொண்ணுதான். எனக்கு நாப்பத்தேழுல முடியற நம்பரு யாருதும் தெரியாதே. பால்பாண்டிது எண்பது. அவ பழைய நம்பரு பதிமூணு.

இறங்கணுமா? வந்தாச்சா. பையை எடுத்துக்கறேன், நீங்க முன்னாடி போங்க. இல்ல, நான் பதட்டப்படல. எதுக்குப் பதட்டம்?

இந்த நிழல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க, உங்க பஸ்ஸு வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு. உங்ககிட்டப் பேனா இருக்கா? கையிலயே எழுதிக்கறேன். அவளுதுதான் அது. புது நம்பரு வாங்கியிருக்கா. நேத்து சாயங்காலமே மாத்தியிருக்கா, நான் அனுப்பின உடனேயே.

நாலு. ஏழு. இதோ, எழுதிட்டேன். இது அவ நம்பருதாங்க. மீதி எட்டு எண்ணு தெரிஞ்சாப் போதும், நான் பேசிடுவேன்.